உப்பு பார்க்க ஓர் ஆள்

மார்ச் 2, ஞாயிறு. முதல் நோன்பு

ஆணத்தில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது.

அக்கா பவுசியா லாத்தா காலையிலிருந்து அடுக்களையிலேயே கிடந்தாள். இடியாப்பம், அதற்கு ஊற்றிக்கொள்ள ஆட்டுக்கறி ஆணம், பருப்பு வடை, கடல்பாசி. வாப்பா பள்ளிவாசலில் கஞ்சி குடித்து நோன்பு திறந்தார். மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய். மறுபடியும் தண்ணீர்.

"உப்பு கூடிட்டோ வாப்பா?" என்று லாத்தா கேட்டாள்.

"பரவால்லம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க உம்மா இந்த வீட்டுல எத்தன வருசம் நோன்பு வாயோட ஆக்கியிருக்கா. ஒருநாள் நாக்குல வச்சுப் பாத்ததில்ல. ஒருநாள் உப்பு கூடுனதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. அது அல்லா கொடுத்த கை."

லாத்தா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடியாப்பத்தில் சீனியைப் போட்டுத் தின்றுவிட்டு எழுந்துவிட்டேன்.

அல்லா கொடுத்த கையாம். அந்தக் கை எப்படி வேலை செய்தது என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

இது காலேஜ் ரெக்கார்டு நோட்டு. மெக்கானிக்கல், இரண்டாம் வருடம், பாதியில் விட்டது. கடைசியாக வரைந்த கியருக்குப் பாதிப் பல்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விடியுமுன் சஹருக்கு எழுந்து சாப்பிட்டால் பிறகு தூக்கம் பிடிப்பதில்லை. வெளியே சுற்றவும் தெம்பில்லை. வேறென்ன செய்ய?

நான் இன்றைக்கு நோன்பு. நிஜமாகவே. பெரிய காரணமெல்லாம் கிடையாது. மூன்று மணிக்குச் சோறு போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 3, திங்கள். இரண்டாம் நோன்பு

இன்று உப்பே இல்லை. நேற்றுப் போட்டது இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தானே என்று சொன்னேன். லாத்தா கரண்டியை என் மேல் எறிந்தாள்.

மார்ச் 5, புதன். நாலாம் நோன்பு

பக்கத்து வீட்டு சுல்தான் பீவி மாமி நாலு மணி வாக்கில், அஸர் நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்தது. கிண்ணம் சும்மா சாக்கு. எங்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்க்கத்தான் வந்தது.

"என்ன பவுசியா, முகமெல்லாம் இப்படிக் கருத்துக் கெடக்கு? உங்க உம்மா மைமூன் இந்த நேரத்துக்கு எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டு, குளிச்சு, தலை சீவி உக்காந்திருப்பா."

"எனக்குக் கை நாலு இல்ல மாமி."

"அவளுக்கும் ரெண்டுதான்மா இருந்துச்சு." மாமி மூடியைத் திறந்து மோந்து பார்த்தது. "மணம் நல்லாத்தான் இருக்கு. உப்புதான் தட்டுதுன்னு உங்க வாப்பா பள்ளியில சொன்னாவளாம். நாக்கு நுனியில வச்சுப் பாத்துத் துப்பிரேன். ஆகும்னுதான் ஆலிம்சா சொல்லுதாவ."

"உம்மா வச்சாளா?"

"அவ வைக்கல."

"அப்ப நானும் வைக்கல."

மாமி போனதும் லாத்தா அம்மியை உருட்டினாள். அரைக்க ஒன்றுமில்லை. சும்மா உருட்டினாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான். மச்சான் குவைத்தில். அவள் பி.காம் படித்தவள். உம்மா இருந்தவரை அவளை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. "என் காலம் வரைக்கும் நான் ஆக்குதேன், பொறவு நீ ஆக்கு" என்பாள். அந்தப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வரும் என்று லாத்தாவுக்கு யார் சொன்னார்கள்?

நான் சொன்னால் அவளுக்கு நிம்மதியாகும். சொன்னால் வாப்பா என்னை உரித்துவிடுவார். எனவே இங்கே எழுதிவைக்கிறேன்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது. நோன்புக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கடையில் சாக்குப் படுதா கட்டியிருப்பார்கள். உள்ளே யார் தின்கிறார்கள் என்று வெளியே தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். நான் ஒருநாள் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, முகத்தை நோன்பாளி மாதிரி தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உம்மா அடுக்களையிலிருந்தே, "சால்னாவுல பட்டை கூட" என்றாள்.

செத்தோம் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. கிட்டே கூப்பிட்டுச் சட்டையை மோந்து பார்த்தாள்.

"அங்க தின்னா ஊருக்குத் தெரியும். இங்க தின்னா எனக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும். அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். கையை நீட்டு."

நீட்டினேன். உள்ளங்கையில் கொதிக்கக் கொதிக்க ஆணத்தை ஊற்றினாள்.

"உப்பு பாரு."

அன்றிலிருந்து வருடா வருடம் நான்தான் அவளுக்கு நாக்கு. தினமும் மூன்று மணி வாக்கில் போவேன். கீழே சுவரில் சாய்ந்து உட்காருவேன். பழைய சோறும் ஒரு அவித்த முட்டையும் இருக்கும். முதலில் உப்பு பார்க்க வேண்டும், பிறகுதான் சோறு. நேரத்தில் மட்டும் ரொம்பக் கறார். "மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்ச கையோட வந்துராத. அந்நேரம் கதவச் சாத்திட்டு ஓதிக்கிட்டு இருப்பேன். அஸர் பாங்குக்கு முந்தி வா, போதும்."

அல்லா கொடுத்த கை. நாக்கு என்னுடையது.

மார்ச் 8, சனி. ஏழாம் நோன்பு

லாத்தாவுக்குத் தேங்காய் திருவிக் கொடுத்தேன். கடலைப் பருப்பு அரைத்துக் கொடுத்தேன். விரலில் வெட்டிக்கொண்டேன். "வேலை வெட்டி இல்லாதவனுக்கு வெட்டு மட்டும் கரெக்டா விழுது" என்றாள். சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று.

அடுக்களையில் நின்றால் உம்மாவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அதுதான் தொல்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். உம்மா இந்த வீட்டிலேயே பிறந்து, இந்த வீட்டிலேயே கல்யாணம் முடித்து, இதே அடுக்களையில் நின்று முடித்தாள். வாப்பாதான் வெளியிலிருந்து வந்தவர். ஆனால் வீட்டில் எல்லாம் வாப்பாவின் விருப்பப்படிதான் நடக்கும், அல்லது அப்படி நடப்பதாக அவரை நினைக்க வைப்பாள்.

பாத்திரங்களோடு பேசுவாள். பால் பொங்கினால், "நான் திரும்புற நேரமா பாத்து வாற" என்று பாலைத் திட்டுவாள். இட்லி கல்லாகிவிட்டால் இட்லியிடம் கோபித்துக்கொண்டு அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டாள். வாப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்குத் தனி. லாத்தாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. அவளுக்குத் தனி. எனக்கு எதுவானாலும் கூட ஒரு முட்டை வேண்டும். அவளுக்கு என்ன தனி என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்துச் சோற்றில் பிசைந்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்காரச் சொன்னால், "உக்காந்தா எந்திரிக்க மனசு வராது" என்பாள்.

நோன்பு மாதத்தில் இன்னொரு வேலையும் எனக்கு வைப்பாள். தினமும் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் ஆணமும் கட்டி, கடற்கரைத் தெரு முனையில் தனியாக இருக்கும் கால் விளங்காத காசிம் பாயிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்வாள். ஒருநாள் தப்பக் கூடாது. எனக்குக் காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். "நன்மையை ஒருநாள் விட்டா என்ன கெட்டுப் போகும்?" என்று கேட்டிருக்கிறேன். "கெட்டுப் போகும், போ" என்பாள்.

நவம்பர் மழையில் போனாள். மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "தலைய சுத்துது, கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்" என்று சுவரில் சாய்ந்தாளாம். அவ்வளவுதான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாமிதான் வந்து அணைத்தது. அந்த ஆணம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. யாரும் தின்றிருக்க மாட்டார்கள். அதில் உப்பு போட்டிருந்தாளா என்று சில நேரம் தோன்றும்.

நான் அன்று வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். எப்போதும் போல.

மார்ச் 11, செவ்வாய். பத்தாம் நோன்பு

மூன்று நாளாக உப்பு சரியாக இருக்கிறது. லாத்தாவின் முகமும் பகலில் தெளிவாக இருக்கிறது. காரணம் தெரியும். அவளுக்கு இப்போது நோன்பு இல்லை, ருசி பார்க்கலாம். ஏன் இல்லை என்று தம்பி கேட்கக் கூடாது. எழுதவும் கூடாது.

வாப்பாதான் சரியில்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்து, முட்டிவலிக்காக வாங்கிய கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அஸர் வரை அசையமாட்டேன் என்கிறார். போன வருடமெல்லாம் அந்த நேரத்தில் கூடத்தில் அவரைப் பார்த்த ஞாபகமே இல்லை. எங்கே இருப்பார்? படுத்திருப்பார் போல.

அடிக்கடி அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். உம்மா ஞாபகமாக இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி. பதிமூன்றாம் நோன்பு

பள்ளிவாசலில் கஞ்சிப் பொறுப்பு வாப்பாவுக்குத்தான். அரிசி அளப்பது முதல் பெரிய சட்டி கழுவிக் கவிழ்ப்பது வரை சதக்கத்துல்லா ஹாஜியார், அதாவது வாப்பா, சொல்வதுதான் சட்டம். வருடா வருடம் கஞ்சி வாங்க வரும் பிள்ளைகளை நிறுத்தி வைத்து, "ஏழு வயசுல புடிக்க ஆரம்பிச்சேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு நோன்பு விட்டதில்ல" என்று சொல்வார். பிள்ளைகள் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு கேட்கும். நானும் அப்படி நின்று கேட்டவன்தான்.

இன்று அஸருக்குப் பிறகு சட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அகப்பை கஞ்சிக்குள் போய்விட்டது. என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வடியும் போல வேர்த்திருந்தார். கை நடுங்கியது.

"தண்ணி குடிங்க வாப்பா."

"பாங்கு சொல்லட்டும்."

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு."

"எனக்கு மணி பாக்கத் தெரியும்லே. நீ போ."

எல்லாரும் அடுப்புச் சூடு என்றார்கள். மார்ச்சிலேயே இந்த வெயில் என்றார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, அகப்பையை விட்ட பையனை அதட்டினார். விட்டவர் அவர்தான்.

சூடு என்றால் பேரீச்சம்பழத்துக்குக் கேட்குமா?

மார்ச் 16, ஞாயிறு. பதினைந்தாம் நோன்பு

மறுபடி உப்பு தப்புகிறது. வாப்பா மறுபடி "அல்லா கொடுத்த கை"யை ஆரம்பித்தார். லாத்தா எழுந்துபோய் அடுக்களையில் நின்று அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "சோறு நல்லா இருக்கு" என்றேன். "சோத்துல என்னடா இருக்கு நல்லா இருக்க?" என்று கேட்டாள்.

அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு நானே அடுக்களையைக் கழுவினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு மரமுக்காலி. அதன் மேல் ஒரு டப்பா, உள்ளே கோதுமை ரவை, வண்டு விழுந்துவிட்டது. சீனி இல்லாத பிஸ்கட் ஒரு பாக்கெட், நமுத்துப்போனது. ஒரு வட்டில், ஒரு தேக்கரண்டி.

எனக்காகத்தான் ஒளித்து வைத்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் ஒன்றும் ஒட்டவில்லை. கோதுமைக் கஞ்சியைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அது அவளுக்குத் தெரியும். நான் தரையில் உட்காருகிறவன், உம்மா உட்காரவே மாட்டாள். லாத்தா மேடையில் ஏறி உட்காருவாள்.

முக்காலி யாருக்கு?

இந்த வீட்டில் தரையில் உட்கார முடியாத முட்டி ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய். பதினேழாம் நோன்பு

வாப்பாவின் இன்சுலின் தீர்ந்துவிட்டது. ஜெபராஜ் அண்ணன் மருந்துக் கடைக்குப் போனேன்.

"ஊசி மட்டும்தானா தம்பி? மத்தியான மாத்திரை?"

"நோன்புல்லா அண்ணே. மத்தியானம் ஏது?"

"அதத்தான் நானும் போன வருசம் உங்கம்மாட்ட கேட்டேன். நோன்பு மாசத்துல வந்து, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியான்னு கேக்காங்க. 'நோன்புல மத்தியானம் எப்படிக்கா சாப்பாடு?'ன்னேன். 'கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி'ன்னாங்க." அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "காலையில ஊசியப் போட்டுட்டு மத்தியானம் வயிறு காலியா இருந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கிரும். மயக்கம் வரும். சில நேரம் எந்திரிக்கவே மாட்டாங்க. டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்காரே. அப்பா இப்ப என்ன செய்யுதாங்க?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தெரியும்.

போன வருடமெல்லாம் லுஹர் முடிந்ததும் அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. உம்மா ஓதிக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. கடற்கரை வரை நடந்துபோய் ரொம்ப நேரம் நின்றேன். சிரிப்பு வந்தது. ஒரு மணிக்கு ஒருத்தர், மூன்று மணிக்கு ஒருத்தன். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல். நடுவில் வட்டிலைக் கழுவி, முக்காலியை ஒளித்து, மறுபடி முட்டை அவித்து. அவள் நோன்பு வாயோடு.

பிறகு சிரிப்பு வரவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மார்ச் 19, புதன். பதினெட்டாம் நோன்பு

நேரடியாகக் கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"வாப்பா, சர்க்கரை இருக்கறவங்க நோன்ப விடலாம்ல. மார்க்கத்துலயே சொல்லியிருக்கே."

அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"படிப்ப விட்ட. செல்போன் கடைய விட்ட. கொரியர் வேலைய விட்ட. இப்ப என்னையும் விடச் சொல்ல வந்துட்டியா?"

"அதுக்கில்ல வாப்பா. அன்னைக்குப் பள்ளியில..."

"அது அடுப்புச் சூடு."

"ஜெபராஜ் அண்ணன் சொன்னாரு..."

"அவன் எனக்கு நோன்பு சொல்லித் தாரானா? நீ மொதல்ல ஒழுங்கா ஒரு நோன்பு புடிச்சுக் காட்டு. பொறவு வா."

லாத்தா வாசலில் வந்து நின்று என்னை முறைத்தாள். "அவங்கள ஏண்டா பட்டினியோட கத்த வைக்க?" என்றாள். அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவள் முன்னால் வாப்பா அப்புறம் எப்படித் தட்டில் கை வைப்பார்?

உம்மா இதை எப்படிச் செய்தாள்? என்ன சொல்லி அவரை முதல் நாள் அந்த முக்காலியில் உட்கார வைத்தாள்?

மார்ச் 20, வியாழன்

பேசவில்லை. அவரும் நானும்.

மார்ச் 22, சனி. இருபத்தொன்றாம் நோன்பு

இன்று குளியலறையில் வாளி உருண்ட சத்தம். ஓடினேன். கதவு தாழ் போடவில்லை. வாப்பா சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"மைமூன், கதவச் சாத்து" என்றார்.

நான் சீனியைக் கரைத்துக் கொண்டுவந்து வாயில் ஊற்றினேன். பாதி உள்ளே போனது, பாதி தாடியில் வழிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். தாடியைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

"என்னலே குடுத்த?"

"முகத்துல தண்ணி தெளிச்சேன் வாப்பா."

விரல் பிசுபிசுத்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சோப்பு வழுக்கிவிட்டது என்று லாத்தாவிடம் அவரே சொன்னார்.

இன்னும் எட்டு நோன்போ ஒன்பதோ இருக்கிறது. எல்லா நாளும் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஒருநாள் இவரும் சுவரில் சாய்வார். அன்றைக்கும் நான் வெளியே சுற்றிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு. இருபத்திரண்டாம் நோன்பு

முழுசாக எழுதுகிறேன்.

லாத்தா பன்னிரண்டு மணிக்கே கறியாணத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள். உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன், போய்ப் படு என்று தள்ளிவிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

புதுக் கோதுமை ரவை வாங்கி வைத்திருந்தேன். கஞ்சி காய்ச்சினேன். முதலில் கட்டி தட்டிவிட்டது, கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சினேன். முக்காலியை டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து, உம்மா நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டேன்.

வாப்பா லுஹர் தொழுதுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி. நேற்றுக் குளியலறையில் கேட்டதோடு சரி, புதன் முதல் என்னோடு பேச்சு இல்லை. அடுக்களை வாசலில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"வாப்பா. கொஞ்சம் வந்து உப்பு பாருங்க."

அவர் நிமிரவில்லை.

"லாத்தா தூங்குதா. நான் நோன்பு. பாக்கறதுக்கு வேற ஆள் இல்ல."

தொப்பியை எடுத்து மடியில் வைப்பார், கத்துவார், லாத்தா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மெதுவாக வந்தார். வாசலில் நின்று முக்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆணத்தைக் கிளறினேன்.

உள்ளே வந்தார். அவரே திரும்பிக் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார்.

கையை நீட்டினார். உள்ளங்கையை. நான் ஆணத்தை ஊற்றினேன்.

"கூட" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கெட்டியா தேங்காப்பால் புழிஞ்சு ஊத்து. சரியாப் போவும்" என்றார்.

ஊற்றினேன். மறுபடி பார்த்தார். தலையாட்டினார். நான் கஞ்சியை வட்டிலில் ஊற்றி முன்னால் வைத்தேன். "இதுக்கும் பாருங்க."

அதற்கு உப்பு பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. வட்டில் காலியாகும் வரை பார்த்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மல்லித்தழை ஆய்ந்தேன். தேக்கரண்டி வட்டிலில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். மறுபடி தேக்கரண்டி.

"நீ நோன்பா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நெசமாவா?"

திரும்பிப் பார்த்தேன். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"இந்த வருசம் நெசம் வாப்பா."

"முட்டைய அவிச்சுட்டுச் சன்னலத் தொறந்து விட்டா மணம் போயிரும்னு நெனச்சுக்கிட்டிருந்தா, பாவம்." வட்டிலை வைத்தார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொன்னதில்ல. சொன்னா உனக்குச் சோறு போடக் கூசுவா."

மல்லித்தழையில் இனி ஆய்வதற்கு ஒன்றுமில்லை. காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"நாலு வருசமா நான் விட்ட நோன்புக்கெல்லாம் ஈடா ஒரு ஆளுக்குச் சோறு கொடுத்துட்டா. அதையும் உன்னய வச்சே கொடுத்தா" என்றார்.

காசிம் பாய். ஒருநாள் விட்டால் கெட்டுப்போகும் என்றாளே.

"எனக்கு ஒருத்தர்கிட்ட சொல்ல வாய் வரலலே" என்றார். "இந்தப் பள்ளியில, அந்தப் பிள்ளைங்ககிட்ட... அவளும் சொல்லுன்னு சொன்னதில்ல. மொத நாள் இப்படித்தான் கூப்பிட்டா. உப்பு பாருங்கன்னு. நாக்கு நுனியில வைக்கத்தான் வந்தேன்."

நானே வட்டிலைக் கழுவினேன். முக்காலியை டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். தூக்குச்சட்டியை எடுத்துத் துலக்கி, சோறும் ஆணமும் கட்டி, காசிம் பாய் வீட்டுக்குப் போனேன். "இந்த வருசம் இல்லையோன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

பள்ளியில் இன்று வாப்பா யாரையும் நிறுத்தி வைத்துப் பேசவில்லையாம். கஞ்சியை மட்டும் ஊற்றினாராம்.

சாப்பிட உட்கார்ந்தபோது லாத்தா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய். தண்ணீரைத் தொடவில்லை.

"உப்பு?" என்று கேட்டாள்.

"அல்லா உனக்கும் கை கொடுத்துட்டான்மா" என்றார் வாப்பா.

லாத்தா உடனே ஒரு கிண்ணத்தில் ஆணத்தை ஊற்றிக்கொண்டு சுல்தான் பீவி மாமி வீட்டுக்கு ஓடினாள். நான் கறித்துண்டை மென்றுகொண்டிருந்தேன். வாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 24, திங்கள். இருபத்துமூன்றாம் நோன்பு

லாத்தா தூங்குகிறாள். லுஹர் முடிந்து அப்போதுதான் அடுக்களைக்குள் நுழைந்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. தேங்காய் உடைக்கவில்லை. வெங்காயம் தோலோடு கிடக்கிறது.

பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். வாப்பா வாசலில் நின்றார், தொப்பியோடு.

"உப்பு பாக்கணுமா?" என்று கேட்டார்.

"பாக்கணும் வாப்பா" என்றேன். முக்காலியை எடுத்துப் போட்டேன்.